அசலும் நகலும்: சாஞ்சிக் கீழைத் தோரணத்தின் கதை

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை மாணவர்களை அழைத்துக்கொண்டு சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்றிருந்தோம். அமராவதிச் சிற்பங்களின் முன் நின்று, பலகை ஒன்றில் செதுக்கப்பட்டிருந்த தூபியையும் அதைச் சூழ்ந்த வேலியையும் காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் நின்ற மாணவி ஒருவர், "ஐயா, இது அசலா, நகலா?" என்று கேட்டார். அசல்தான் என்றோம். "அப்படியானால் அமராவதியில் என்ன இருக்கிறது?" என்று அடுத்த வினா வந்தது. அங்கே பெரிதாக ஒன்றும் எஞ்சவில்லையம்மா, அடித்தளமும் சில கற்களுமே மிச்சம்; ஒரு பகுதி இங்கே, ஒரு பகுதி இலண்டனில் என்று சொல்லி முடித்தோம். அந்த விடை அவருக்கு நிறைவளிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எமக்கும் நிறைவளிக்கவில்லை.

திரும்பும் வழியெல்லாம் அசல், நகல் என்ற அந்த இரு சொற்களே மனத்தில் சுழன்றுகொண்டிருந்தன. இரண்டும் அரபியில் பிறந்து, பாரசீகம் ஆட்சிமொழியாக இருந்த காலத்துப் பத்திரங்கள் வழியாக நம் பேச்சில் வந்து கலந்தவை. அரபியில் 'அஸ்ல்' என்றால் வேர். 'நக்ல்' என்றால் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்லுதல். படியெடுத்தல் என்பதும் அதன் பொருள்களுள் ஒன்று. வேர் என்றால் மண்ணில் ஊன்றி நிற்பது. நகல் என்றால் ஊர்விட்டு ஊர் போவது. எழும்பூரில் நாங்கள் கண்டது இந்தச் சொற்பொருளுக்கு நேர்மாறான காட்சி. வேர் பெயர்ந்து வந்து நிற்கிறது. அதன் மண்ணில் நகல்கூட அப்போது இருக்கவில்லை, வேர் பிடுங்கப்பட்ட அந்த நாளில்.

சிற்பங்களை ஒளியால் அளந்து, கணினியில் ஏற்றி, இயந்திரக் கையால் மீண்டும் கல்லில் வடிக்கும் தொழில்நுட்பத்தைப் பற்றி இன்று நிறையப் பேசுகிறார்கள். வியப்பவர்கள் ஒருபுறம், இது போலி, இதில் உயிரில்லை என்று முகம் சுளிப்பவர்கள் மறுபுறம். இவ்விரு தரப்பினரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. நகல் எடுத்தபின் அசல் எங்கே இருக்கிறது? இக்கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், இந்தப் புதுத் தொழில்நுட்பத்தின் வரலாறு 1990களில் தொடங்குவதில்லை. 1869இன் இறுதியில், மத்திய இந்தியாவின் ஒரு குன்றின்மேல், சாந்து மூட்டைகளோடு வந்திறங்கிய ஓர் ஆங்கில இராணுவப் பொறியாளரிடமிருந்து தொடங்குகிறது.

*

நகல் என்றதும் இழிவாக நினைக்கும் பழக்கம் தமிழ் படித்தவர்களுக்குப் பொருந்தாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். சங்கப் புலவர் எவருடைய கையெழுத்தையும் நாம் கண்டதில்லை. நம் கையில் இருப்பவை படிக்குப் படி, அதற்கும் படி. பனையோலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. செல்லும் ஈரமும் முந்திக்கொள்ளும். ஏடு எழுதுவோர் தலைமுறைதோறும் இருந்து படியெடுத்ததனால்தான் உ.வே.சாமிநாதையர் தேடிச் சென்றபோது ஏதோ சில கட்டுகளாவது கிடைத்தன. கல்வெட்டுத் துறையிலும் இதே கதைதான். கல்லின்மேல் ஈரத்தாளை ஒற்றி, தூரிகையால் தட்டி, மை பூசி எடுக்கும் மைப்படியில்தான் இன்று சில கல்வெட்டுகளின் உயிர் இருக்கிறது. கோயில் திருப்பணியில் கல் போயிற்று, தாள் நின்றது.

ஆனால் சிற்பத்தைப் படியெடுப்பது எழுத்தைப் படியெடுப்பது போன்றதன்று. எழுத்துக்கு உடல் எதுவானாலும் ஒன்றுதான். சிற்பத்துக்கு உடலே பொருள்.

ஐரோப்பியர் இதற்குக் கண்ட வழி சுண்ணச் சாந்து வார்ப்பு. சிற்பத்தின்மேல் அச்செடுத்து, அந்த அச்சினுள் சாந்தை ஊற்றி, அதே அளவில் ஓர் உருவை வடிப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது ஒரு பேரலையாகவே எழுந்தது. இலண்டனின் தென் கென்சிங்டன் அருங்காட்சியகத்தை (இன்றைய விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம்) உருவாக்கிய ஹென்றி கோல் என்பவர், 1867இல் பாரிஸ் பொருட்காட்சியின்போது, கலைப்படைப்புகளின் படிகளை நாடுகள் தமக்குள் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்று ஓர் உடன்படிக்கையை எழுதி, ஐரோப்பிய அரச குடும்பத்தினர் பதினைந்து பேரிடம் ஒப்பம் வாங்கினார். உரோம் நகரின் டிராஜன் தூண் இரு துண்டுகளாகவும், மைக்கலாஞ்சலோவின் டேவிட் முழு உருவிலும் இன்றும் அந்த அருங்காட்சியகத்தின் வார்ப்புக் கூடங்களில் சாந்து வடிவில் நிற்கின்றன.

இந்த ஹென்றி கோலின் மகன்தான் நாம் மேலே சொன்ன இராணுவப் பொறியாளர், லெப்டினன்ட் ஹென்றி ஹார்டி கோல்.

*

மகன் கோல் சாஞ்சிக்கு வருவதற்கு முன்னரே கீழைத் தோரணத்தின்மேல் பல கண்கள் பட்டிருந்தன. 1818இல் ஜெனரல் டெய்லர் சாஞ்சியைக் கண்டு எழுதினார். அதன்பின் வந்தவர்கள் புதையல் தேடித் தூபியைக் குடைந்து கெடுத்தார்கள். 1851இல் கன்னிங்காமும் மெய்சியும் அகழ்ந்தார்கள். நான்கு தோரணங்களுள் தெற்கும் மேற்கும் விழுந்து கிடக்க, வடக்கும் கிழக்கும் மட்டும் நின்றன. நின்ற கீழைத் தோரணத்தைப் பெயர்த்துப் பாரிஸுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பிரெஞ்சுக்காரர் போபால் அரசி ஷாஜகான் பேகத்திடம் அனுமதி கேட்டனர். ஆங்கிலேயருள் சிலருக்கும் அதே ஆசை இருந்தது.

அந்தத் தோரணம் என்னவென்று அறிந்தால்தான் அந்த ஆசையின் அளவு புரியும். இரண்டு சதுரத் தூண்கள், அவற்றின் தலையில் யானைகள், அவற்றுக்கு மேல் மூன்று வளைந்த குறுக்கு உத்தரங்கள். தச்சர் மரத்தில் செய்துவந்த வாயிலை அப்படியே கல்லுக்கு மாற்றிய வடிவம் இது. கல்லுக்குத் தேவையில்லாத மரவேலைப் பொருத்துகளின் சாயல்கூட அதில் இருக்கிறது. தெற்குத் தோரணத்தில் உள்ள ஒரு பிராகிருதக் கல்வெட்டு, விதிசை நகரத்துத் தந்த வேலையாளர்கள் அச்சிற்ப வேலையைச் செய்தார்கள் என்கிறது. யானைத் தந்தத்தில் விரல் நுனி அளவுக்கு உருவம் செதுக்கிப் பழகிய கைகள் ஆள் உயரத் தூண்களில் வேலை செய்திருக்கின்றன. அதாவது சாஞ்சித் தோரணங்களே ஒருவகையில் நகல்கள்தாம்; மரத்திலிருந்தும் தந்தத்திலிருந்தும் கல்லுக்கு வந்த நகல்கள்.

கீழைத் தோரணத்தின் நடு உத்தரத்தில் சித்தார்த்தன் அரண்மனை நீங்கும் காட்சி இருக்கிறது. நகர வாயிலிலிருந்து ஒரு குதிரை புறப்படுகிறது. அதே குதிரை மீண்டும் மீண்டும் செதுக்கப்பட்டு, நடையைக் காட்டுகிறது. குதிரையின் மேல் ஆளில்லை. வெற்று முதுகுக்கு மேல் குடை மட்டும் பிடிக்கப்படுகிறது. முடிவில் இரு பாதச் சுவடுகள். புத்தரை மனித உருவில் வடிக்காத அக்காலத்தில், இல்லாமையைக் கொண்டே இருப்பைச் சொன்னார்கள். இதே தோரணத்தில்தான், உத்தரத்தின் நுனியைத் தாங்கியபடி மாங்கிளையைப் பற்றி வளைந்து நிற்கும் அந்தப் புகழ்பெற்ற யட்சியும் இருக்கிறாள். வளைந்த கைக்கும் மரத்துக்கும் உடலுக்கும் இடையே வெற்றிடம் விட்டுக் குடைந்த வேலை அது. இந்த வெற்றிடத்தை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம்.

கோல் 1869இன் இறுதியில், அச்செடுக்கப் பழகிய படைப் பொறியாளர் சிலரோடு வந்தார். டன் கணக்கான சாந்தும் ஊன்பசையும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி, இரயிலில் வந்து, இரயில் முடிந்த இடத்திலிருந்து மாட்டுவண்டிகளில் சாஞ்சி சேர்ந்தன. ஊன்பசை எதற்கு என்றால், அந்த யட்சிக்காகத்தான். சாந்தால் மட்டும் அச்செடுத்தால், குடைந்த இடங்களில் இறுகிய சாந்து வெளியே வராது; இழுத்தால் சிற்பம் உடையும். பசையோ இறுகிய பின்னும் தோல்போல வளையும். நெளிவுகளிலிருந்து உரித்து எடுக்கலாம். இவ்வாறு நூற்றுக்கு மேற்பட்ட பகுதிகளாக அச்செடுத்து, 1870இன் தொடக்கத்தில் வேலையை முடித்தார்கள். இலண்டனில் முழுத் தோரணமும் எழுந்து நின்றது. அந்த அச்சிலிருந்து பாரிஸுக்கும் பெர்லினுக்கும் படிகள் சென்றன.

பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் ஆளுக்கொரு சாந்துத் தோரணம் கிடைத்தது. ஆசை அடங்கியது. கல் சாஞ்சியிலேயே நின்றது. ஷாஜகான் பேகமும் அவருக்குப் பின் அவர் மகள் சுல்தான் ஜகான் பேகமும் அதன் பராமரிப்புக்குப் பொருளுதவி செய்தனர். 1912 முதல் ஜான் மார்ஷல் செய்த சீரமைப்பே நாம் இன்று காணும் சாஞ்சியைத் தந்தது. 1989இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. இத்தனைக்கும் அடியில் ஒரு நகல் இருக்கிறது என்பதை நம் வரலாற்று நூல்கள் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றன.

*

அமராவதிக்கு அந்த நகல் கிடைக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் வாசிரெட்டி வேங்கடாத்ரி நாயுடு என்ற ஜமீன்தார் அங்கே புது நகரம் எழுப்பியபோது, மேட்டிலிருந்த கற்களைப் பெயர்த்துக் கட்டடங்களுக்குப் பயன்படுத்தினார். காலின் மெக்கன்சி இருமுறை சென்று பார்த்து, கைதேர்ந்த வரைவாளர்களைக் கொண்டு ஓவியங்கள் வரைவித்தார். அவைதாம் அமராவதிக்குக் கிடைத்த ஒரே நகல் எனலாம். ஆனால் அவை தாளில் இருந்த நகல்கள், எவருடைய ஆசையையும் அடக்க வல்லவை அல்ல. 1845இல் வால்டர் எலியட் அகழ்ந்து எடுத்த பலகைகள் சென்னைக்கு வந்தன. 1859இல் அவற்றுள் 121 இலண்டன் போயின. 1880இல் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் சேர்ந்தன. எஞ்சியவையும் பின்னர் அகழ்ந்தவையும் எழும்பூரில்.

சாஞ்சியில் அச்செடுத்த அதே கோல், 1880களின் தொடக்கத்தில் இந்தியத் தொன்மைச் சின்னங்களின் காப்பாளராகப் பணியாற்றினார். அப்போது அவர் அமராவதியைக் குறித்து அரசோடு வாதிட்டார். மூலச் சிற்பங்களை அவை கிடைத்த இடத்திலேயே விட்டுவிட்டு, அருங்காட்சியகங்களுக்குச் சாந்துப் படிகளை அனுப்புங்கள். நாட்டின் பழங்கலையைக் கொள்ளைபோக விடுவது தற்கொலைக்குச் சமமான கொள்கை என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் நாடாளும் இனத்தவர், அரசின் ஊழியர், அருங்காட்சியகம் அமைத்தவரின் மகன். ஆயினும் அந்த வாதம் எடுபடவில்லை. அதிகாரிகளுள் அவரோடு உடன்பட்டவர் சிலரே.

எழும்பூரில் மாணவி கேட்ட வினாவுக்கு விடை இதுதான். சாஞ்சி நின்றதற்கும் அமராவதி சிதறியதற்கும் வேறு காரணங்களும் உண்டு. சாஞ்சி போபால் அரசிகளின் கையில் இருந்தது. அமராவதி நேரே கம்பெனியின் கையில். ஒன்று பின்னால் கவனம் பெற்றது. மற்றது, காப்பது எப்படி என்று எவருக்கும் தெரியாத காலத்திலேயே கவனம் பெற்றுவிட்டது. என்றாலும், சரியான நேரத்தில் எடுத்த ஒரு நல்ல நகல் பேராசைக்கு முன் அசலுக்குக் காவலாக நின்றது என்பதை மறுப்பதற்கில்லை.

*

இனி ஒளியின் காலத்துக்கு வருவோம். 'ஸ்கேன்' என்பதை 'வருடல்' என்று தமிழாக்கிய அன்பர் யாரோ, அவருக்கு நம் வணக்கம். வருடுதல் என்றால் மெல்லத் தடவுதல். ஆனால் வேடிக்கை பாருங்கள், கோலின் ஆட்கள்தாம் கல்லை உண்மையில் தடவினார்கள். லேசர் வருடியோ கல்லைத் தொடுவதே இல்லை. சிகரம் போன்ற அதன் பெருமையே அதுதான். பசையும் சாந்தும் ஒவ்வொரு முறையும் கல்லிலிருந்து பழைய நிறப்பூச்சையோ ஒரு துகளையோ பறித்துக்கொண்டுதான் வந்தன.

வேலை நடக்கும் முறை எளிது. ஒரு கோடாக லேசர் ஒளியைக் கல்லின்மேல் விழச் செய்கிறார்கள். மேடு பள்ளங்களில் அந்தக் கோடு நெளிகிறது. சற்றுத் தள்ளியிருக்கும் படக்கருவி அந்த நெளிவைப் பார்க்கிறது. விளக்கும் படக்கருவியும் நிற்கும் தொலைவும் கோணமும் தெரிந்திருப்பதால், முக்கோணக் கணக்கின் மூலம் கல்லின் ஒவ்வொரு புள்ளிக்கும் இடம் குறிக்க முடிகிறது. 1802இல் பரங்கிமலை அருகே லாம்டன் தொடங்கிய பெரும் நில அளவையின் கணக்கும் இதுவேதான். அவர் தேசத்தை அளந்தார்; இவர்கள் மூக்கையும் உதட்டையும் அளக்கிறார்கள். இன்னொரு முறையில், நூற்றுக்கணக்கான நிழற்படங்களை எல்லாக் கோணங்களிலும் எடுத்து, அவற்றிலிருந்து உருவைக் கணினி கணக்கிட்டுக்கொள்ளும்.

முதல் பெரிய முயற்சி மைக்கலாஞ்சலோவின் சிலைகளில் நடந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் லெவாய் தலைமையில் ஏறத்தாழ முப்பது பேர் 1998-99இல் இத்தாலியில் தங்கி, டேவிட் உள்ளிட்ட பத்துச் சிலைகளை அளந்தனர். டேவிட்டுக்கு மட்டும் இருநூறு கோடி முக்கோணங்களும் ஏழாயிரம் வண்ணப்படங்களும் சேர்ந்தன. கால் மில்லிமீட்டர் துல்லியம். உளியின் பற்கள் பதிந்த தடம் தெரியும். அந்த அளவெடுப்பில் ஒரு சுவையான செய்தி வெளிவந்தது. அதுவரை நூல்கள் டேவிட்டின் உயரத்தை 434 செ.மீ. என்று எழுதிவந்தன. அளந்தால் பீடம் நீங்கலாகவே 517 செ.மீ. இருந்தது. உலகமே பார்த்த சிலையின் உயரத்தை ஒருவரைப் பார்த்து ஒருவர் படியெடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஏட்டுப் பிழை நமக்கு மட்டும் உரியதன்று என்று ஓர் அற்ப மகிழ்ச்சி.

பளிங்கு வேறொரு தொல்லையும் கொடுத்தது. ஒளி அதன் மேற்பரப்பில் நிற்பதில்லை. சற்று உள்ளே புகுந்து பரவித்தான் திரும்புகிறது. பளிங்குச் சிலை தோல்போலத் தோன்றும் மாயமே அதுதான். சிற்பிக்கு உதவிய அந்தக் குணம் அளப்பவருக்குக் கணக்கைக் குழப்புகிறது. இன்னொன்று, ஒளி நேர்கோட்டில்தான் செல்லும். யட்சியின் கைக்கும் மரத்துக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தை நினைவில் வைக்கச் சொன்னோம் அல்லவா? பசை நுழைந்து உரிந்து வந்த அந்த மூலைகளில் ஒளி நுழைய முடியாமல் நிழல் விழுகிறது. அங்கெல்லாம் கணினி தன் ஊகத்தால் துளையை மூடுகிறது. செதுக்கும் கட்டத்திலும் இதே இடர்தான். சுழலும் வைரமுனை கொண்ட இயந்திரக் கை, அடுக்கடுக்காகக் கல்லைத் தேய்த்து உருவை வெளிக்கொணரும். முனையின் பருமனைவிடக் குறுகிய இடுக்கில் அதற்கு வழியில்லை. ஆகவே கடைசிக் கட்டத்தில் எப்போதும் ஒரு மனிதர் உளியோடு வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

பெர்லினில் அப்படித்தான் நடந்தது. கோல் எடுத்த அச்சிலிருந்து அந்நகருக்குச் சென்ற படி அங்கேயே இருந்தது. அந்த வடிவத்தை வருடி, இயந்திரக் கையால் மணற்கல்லில் செதுக்கி, இந்தியச் சிற்பிகளும் ஜெர்மானியச் சிற்பிகளும் கையால் நிறைவு செய்த சாஞ்சிக் கீழைத் தோரணம், 2022 டிசம்பரில் ஹம்போல்ட் மன்றத்தின் முன் நிறுவப்பட்டது. ஏறத்தாழ பத்து மீட்டர் உயரம், நூற்றைம்பது டன் எடை. அது நிற்கும் இடத்தின் கதை இன்னும் சுவையானது. ஹம்போல்ட் மன்றம் இருக்கும் கட்டடம் பழைய பிரஷ்ய அரண்மனையின் மறுபடைப்பு. போரில் சிதைந்த அசலை 1950இல் கிழக்கு ஜெர்மானிய அரசு இடித்துத் தள்ளியது. அதன் வெளிமுகத்தை நிழற்படங்களையும் எஞ்சிய துண்டுகளையும் கொண்டு மீண்டும் எழுப்பினார்கள். ஆக, அசல் அழிந்துபோன அரண்மனையின் நகலுக்கு முன்னால், அசல் உயிரோடு இருக்கும் தோரணத்தின் நகல். மரத்திலிருந்து கல், கல்லிலிருந்து சாந்து, சாந்திலிருந்து எண்கள், எண்களிலிருந்து மீண்டும் கல். இலண்டனில் எழுந்த சாந்துத் தோரணத்தை இருபதாம் நூற்றாண்டில் கழித்துவிட்டார்கள். நகலுக்கு மதிப்பில்லை என்று எண்ணிய காலம் அது. பெர்லின் படி தப்பியது நற்பேறு.

சாந்துப் படிகளைக் கழித்தது எத்தகைய பிழை என்பதை ஏதென்ஸ் காட்டுகிறது. பார்த்தினான் கோயிலின் மேற்குப்புறச் சிற்ப வரிசையின் பெரும்பகுதியை எல்ஜின் பெயர்க்கவில்லை. 1802இல் அச்சு மட்டும் எடுத்தார். கல் அங்கேயே நின்று, இரு நூற்றாண்டுகள் மழையிலும் நகரப் புகையிலும் தேய்ந்தது. அண்மையில் அந்தச் சாந்துப் படிகளையும் இன்றைய கல்லையும் முப்பரிமாணத்தில் வருடி ஒப்பிட்ட ஆய்வாளர்கள், கல் இழந்துவிட்ட முகங்களும் உளித்தடங்களும் சாந்தில் இருப்பதைக் கண்டனர். அந்த இடங்களில் நகலே அசலைவிட மூத்தது.

*

இவ்வளவும் தொழில்நுட்பத்தின் சிறப்பு. ஆனால் நாம் கையில் பிடித்துவந்த கேள்வியைக் கேட்டால் சித்திரம் மங்குகிறது.

ஈராக்கின் நிம்ரூத் நகரத்து அசிரிய அரண்மனை வாயிலில், மனிதத் தலையும் சிறகும் கொண்ட காவல் உருவங்கள் நின்றன. லமாசு என்பது அவற்றின் பெயர். அவற்றுள் ஓர் இணை பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டன் போயிற்று. 2015இல் மோசுல் அருங்காட்சியகத்தையும் நிம்ரூதையும் தீவிரவாதிகள் உடைத்து நொறுக்கிய காட்சிகளை உலகமே பார்த்தது. ஸ்பெயினில் இயங்கும் ஃபாக்டம் அறக்கட்டளை, இலண்டனில் உள்ள இணையை முன்பே வருடி வைத்திருந்தது. அதைக் கொண்டு செய்த படிகள் 2019இல் மோசுல் பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்டன. நல்ல காரியம்தான். போரில் எரிந்த நூலகத்தின் மாணவர்கள் தம் மூதாதையர் படைப்பின் முன் நிற்கிறார்கள். அந்தப் படியைக் குறைசொல்ல எமக்கு மனமில்லை. ஆயினும் சாஞ்சியோடு வைத்துப் பாருங்கள். அங்கே நகல் கடல்கடந்து போனது, அசல் ஊரில் நின்றது. இங்கே நகல் ஊருக்கு வந்தது, அசல் கடலுக்கு அப்பால் நிற்கிறது. கருவி ஒன்றுதான், திசை மாறிவிட்டது. போரைக் காரணம் காட்டி, நல்லவேளை இலண்டனில் இருந்ததால் தப்பியது என்பார்கள். உண்மைதான். பெர்லினும் ஒருகாலத்தில் குண்டுமழையில் எரிந்த நகரம்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நேர்மையாக இருக்கும்.

பார்த்தினான் விஷயத்தில் கோலின் வாதத்தை இக்காலக் கருவியோடு முன்வைத்தவர்கள் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த டிஜிட்டல் தொல்லியல் நிறுவனம் 2022இல் பிரித்தானிய அருங்காட்சியகத்திடம் எல்ஜின் சிற்பங்களை வருட அனுமதி கேட்டது. துல்லியமான பளிங்குப் படிகள் இலண்டனில் இருக்கட்டும். அசல் ஏதென்ஸ் போகட்டும் என்பது அவர்கள் எண்ணம். அனுமதி கிடைக்கவில்லை. பார்வையாளர்களாக உள்ளே சென்று கைப்பேசியாலும் கைக்கணினியாலும் வருடி, நிலாத் தேவி செலினியின் குதிரைத் தலையை இத்தாலியின் கராராவில் இயந்திரக் கையால் செதுக்கிக் காட்டினர். இதே நிறுவனம்தான் 2016 ஏப்ரலில், சிரியாவின் பல்மைராவில் தகர்க்கப்பட்ட வளைவின் சிறிதாக்கிய பளிங்குப் படியை இலண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் சில நாள் நிறுத்தி, பிறகு ஊர் ஊராகக் கொண்டுசென்றது. அந்த வளைவு எமக்கு உவப்பாக இல்லை. பல்மைராவின் கற்கள் இன்னும் அந்த மண்ணில் கிடக்க, அதன் துயரத்துக்குத் தொலைவில் ஒரு காட்சிப்பந்தல் போட்டது போல இருந்தது. குதிரைத் தலை அப்படியல்ல. அது ஒரு வாதம். கல்லில் எழுதிய விண்ணப்பம். கோல் 1880களில் பெற்ற விடையையே அதுவும் பெற்றிருக்கிறது.

அசல் இருக்கட்டும், நகலையாவது தருகிறார்களா என்றால் அதிலும் கைச்சுருக்கம்தான். எகிப்து திரும்பக் கேட்டுவரும் நெஃபர்தீத்தியின் தலைச்சிலை பெர்லினில் இருக்கிறது. அதன் முப்பரிமாண வருடல் அருங்காட்சியகத்திடம் இருந்தும் வெளியிடப்படவில்லை. தகவல் பெறும் சட்டத்தின்படி ஓர் அமெரிக்கக் கலைஞர் மூன்றாண்டுகள் போராடி, 2019இல் அதைப் பெற்றார். வந்த கோப்பில் அரசியின் சிலையடியில், தட்டையான பகுதியில், வணிகத்துக்குப் பயன்படுத்தலாகாது என்ற உரிம வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. மூவாயிரத்து முந்நூறு ஆண்டுப் பழமை கொண்ட உருவின் அடியில் இன்றைய காப்பாளரின் முத்திரை!

நம் சுவாமிமலைச் சிற்பிகளின் நினைவு இங்கே வருகிறது. தென்னங்கீற்றை மடித்து மடித்துத் தாள அளவைக் குறித்துக்கொள்ளும் ஒடியோலைதான் அவர்களின் அளவுகோல். மெழுகில் வடித்து, மண்ணால் போர்த்தி, உலோகம் வார்த்தபின் கருவை உடைத்துவிடுவார்கள். ஒரே அச்சில் இரண்டு வராது. அவர்கள் வழிவழியாகப் படியெடுப்பது மேற்பரப்பையன்று, அளவை. அதனால்தான் அங்கே அசல், நகல் என்ற வழக்கே எழவில்லை. வருடியோ அளவை அறியாது. தேய்ந்த மூக்கைத் தேய்ந்த மூக்காகவே எடுக்கும். இரண்டும் இரண்டு வகை நினைவுகள்.

*

எழும்பூர் சென்று வந்த மறு ஆண்டு, அந்த மாணவியும் நண்பர்கள் சிலரும், எங்கள் கல்லூரியிலிருந்து சற்றுத் தொலைவில் ஏரிக்கரையில் நிற்கும் நடுகல் ஒன்றைக் கைப்பேசியால் படமெடுத்து முப்பரிமாண உருவாக்கினார்கள். வில்லேந்திய வீரன், எழுத்து ஏதும் இல்லை. பொறியியல் கல்லூரி நண்பர் ஒருவரின் உதவியால் அதை உள்ளங்கை அளவுக்கு அச்சிட்டும் வாங்கினார்கள். வில்லின் நாண் வெண்ணெய் உருகியதுபோல வந்திருந்தது. மற்றபடி குறையில்லை.

அதை எடுத்துக்கொண்டு கல்லைப் பார்க்கப் போனோம். வெள்ளிதோறும் அங்கே விளக்கேற்றும் பாட்டி, நாங்கள் முன்பு படமெடுத்ததிலிருந்தே ஐயத்தோடு இருந்திருக்கிறார். "வாத்தியாரய்யா, கல்லைத் தூக்கிட்டுப் போகத்தானே அளவெடுத்தீங்க?" என்று கேட்டார். இல்லை பாட்டி, கல் இங்கேயேதான் இருக்கும், இதுதான் நாங்கள் எடுத்தது என்று அந்தச் சிறு உருவை மாணவி அவர் கையில் கொடுத்தார். பாட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முந்தானையால் துடைத்தார். "எண்ணெய்ப் பிசுக்கே இல்லையே" என்றார். பிறகு விளக்கில் மிஞ்சியிருந்த எண்ணெயை விரலால் தொட்டு அதன்மேல் தடவி, நடுகல்லின் காலடியில் விளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

திருப்பிக் கேட்க எவருக்கும் வாய் வரவில்லை. கோப்பு கணினியில் இருக்கிறது, இன்னொன்று அச்சிட்டுக்கொள்ளலாம் என்றார் மாணவி.